உலரும் துளியும் ஓடும் மின்சாரமும்



ஆண்டுதோறும் அறிவியலில் ஏதேனும் ஒரு பொருளைப் பற்றித் தமிழில் ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் விதி. விண்வெளி, அணு, மரபணு என்று பெரிய தலைப்புகள் எத்தனையோ இருக்க, நான் ஒரு துளி நீர் காய்வதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தத் துளிக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் மிதக்கின்றன. நீர் போனபின் எஞ்சும் கறை மின்சாரத்தைக் கடத்துகிறது. நன்றாகக் கடத்துமா, அரைகுறையாகக் கடத்துமா, கடத்தவே கடத்தாதா என்பதெல்லாம் அந்தத் துளி காயும் சிறு பொழுதில் முடிவாகிவிடுகிறது. ‘காயவைத்தோம்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிற அந்தக் கட்டத்தை இன்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்ததும் ஓரம் கறுத்தும் நடு வெளிறியும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிந்தியபோது துளி முழுவதும் ஒரே நிறம்தான். காய்ந்தபின் காபித் தூள் எல்லாம் விளிம்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? பள்ளிப் பிள்ளை கேட்கக்கூடிய இந்தக் கேள்விக்கு முழுமையான விடை 1997-இல்தான் அச்சேறியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன், சிட்னி நாகெல், தாமஸ் விட்டன் முதலியோர் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அது. இன்று மையியல் படிப்பவர்கள், அச்சு மின்னணுவியல் படிப்பவர்கள், பூச்சுத் தொழில்நுட்பம் படிப்பவர்கள் எல்லோருமே அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவர்கள் சொன்ன விளக்கம் எளிமையானது. துளியின் விளிம்பு தளத்தின் சொரசொரப்பில் மாட்டிக்கொள்கிறது. நீர் ஆவியாகிறது; ஆனால் விளிம்பு பிடிபட்டுவிட்டதால் துளி அகலத்தில் சுருங்க முடியவில்லை, உயரத்தில்தான் குறைய முடியும். விளிம்பில் நீரின் தடிமன் மிகக் குறைவு. அங்கே ஆவியாகிற நீரை உடனுக்குடன் ஈடுகட்டாவிட்டால் விளிம்பு முதலில் வறண்டு உள்வாங்கிவிடும். ஆகவே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற நீர் துகள்களையும் அள்ளிக்கொண்டு போகிறது. அங்கிருந்து வெளியேறும்போது அது நீராவி. துகளைத் தூக்கிச்செல்ல அதனால் முடியாது. எனவே விளிம்பில் துகள்கள் குவிகின்றன. குவிந்த துகள்கள் விளிம்பை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைக்கின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தட்டையான துளியில் விளிம்பருகே ஆவியாதல் நடுவில் இருப்பதைவிட வேகமாக நடக்கிறது. நடுவிலிருந்து கிளம்பும் நீர் மூலக்கூறைச் சுற்றி மற்ற மூலக்கூறுகள் நெருக்கமாக இருக்கின்றன. விளிம்பிலிருந்து கிளம்புவதற்குப் பக்கவாட்டில் திறந்த வெளி கிடைக்கிறது. இயற்பியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அசையாத காற்றில் நீராவி பரவுவதைக் கணக்கிடும் சமன்பாடும், மின்னூட்டம் பெற்ற கடத்தியைச் சுற்றி மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாடும் ஒன்றே. லாப்லாஸ் சமன்பாடு. வில்லை வடிவக் கடத்தியின் கூரிய ஓரத்தில் மின்னூட்டம் செறிவதும், துளியின் ஓரத்தில் ஆவியாதல் செறிவதும் ஒரே கணக்கின் இரண்டு தீர்வுகள். இடிதாங்கியின் நுனியைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்தது காபித் துளிக்கும் பொருந்துகிறது. இயற்பியலின் இந்த ஒருமையை வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

விளக்கத்தைச் சரிபார்க்க டீகன் குழு செய்த சோதனையும் அழகானது. துளியை ஒரு மூடியால் மூடி, துளியின் நடுவுக்கு நேர் மேலே மட்டும் சிறு துளை விட்டார்கள். இப்போது ஆவி நடுவழியாகத்தான் வெளியேற முடியும். கறை வளையமாக விழாமல் சீராகப் பரவி விழுந்தது. விளிம்பு மாட்டிக்கொள்ளாத டெஃப்லான் பரப்பிலும் வளையம் விழவில்லை. ஒரு மூடியும் துளையும் ஒரு கருத்தை நிறுவிவிட்டன.

அடுத்து, வளையத்துக்குள் துகள்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்று பார்ப்போம். மின்சாரத்துக்கு முக்கியம் இந்த இடம்தான். 2011-இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் மாரின், கெல்டர்ப்ளோம், லோசே, ஸ்னோயர் ஆகியோர் வளையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெளிப்புறத்துத் துகள்கள் படிகம்போல் ஒழுங்காகவும் உட்புறத்துத் துகள்கள் தாறுமாறாகவும் கிடந்தன. காரணம் வேகம். துளி தட்டையாகத் தட்டையாக, மிஞ்சிய நீர் மேலும் மேலும் குறுகிய இடைவெளி வழியே விளிம்புக்குப் போக வேண்டியிருப்பதால், கடைசிக் கணங்களில் ஓட்டத்தின் வேகம் மிக அதிகமாகிறது. கடைசிப் பேருந்தில் ஏறும் கூட்டம் போலத்தான்: முதலில் வந்தவர்கள் இடம் பார்த்து உட்காருகிறார்கள், கடைசியில் ஓடிவந்தவர்கள் கிடைத்த இடத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் வந்த துகளுக்குத் தன் இடத்தைத் தேடிக்கொள்ள நேரம் இருந்தது. கடைசித் துகளுக்கு இல்லை.

இனி வெள்ளிக்கு வருவோம். அறை வெப்பநிலையில் உலோகங்களிலேயே மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது வெள்ளி. செம்பு அதற்கு மிக நெருக்கமாக இரண்டாவது. செம்பு மலிவு, ஆனால் நானோ அளவில் காற்று பட்டதும் ஆக்சைடாகிவிடுகிறது. அதனால்தான் மின்கடத்தும் மை என்றாலே பெரும்பாலும் வெள்ளி. உங்கள் கணினி விசைப்பலகையைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் தாளில் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். அவை திரை அச்சு முறையில் இட்ட வெள்ளி மை. கூரையில் இருக்கும் சூரியத் தகட்டின் முகப்பில் ஓடும் மெல்லிய கோடுகளும் வெள்ளிப் பசையால் அச்சிட்டவைதான்.

20 நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளித் துகள்களை நீரில் மிதக்கவிட்டால் நீர்த்த நிலையில் அந்த நீர் மஞ்சளாகத் தெரியும். வெள்ளிக்கு மஞ்சள் நிறமா என்று கேட்காதீர்கள். அந்த அளவில் அது 400 நானோமீட்டர் அருகே நீல ஊதா ஒளியை விழுங்கிவிடுகிறது. இன்க்ஜெட் அச்சுப்பொறி உமிழும் ஒரு துளி ஏறக்குறைய 10 பிகோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் 27 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. எடையில் 0.5% வெள்ளி இருந்தாலும் அந்த ஒரு துளிக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட துகள்கள் இருக்கும். மாணவர்கள் வெள்ளியின் அடர்த்தியை வைத்துக்கொண்டு இதை ஐந்தே நிமிடத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் பத்து லட்சம் துகள்கள் அருகருகே கிடந்தால் மட்டும் மின்சாரம் ஓடிவிடாது. துகள்கள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் மிதக்க, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரிமப் போர்வை இருக்கிறது. பாலிஅக்ரிலிக் அமிலம் போன்ற ஒரு பொருள். மை கெடாமல் புட்டியில் இருக்க அந்தப் போர்வை தேவை. காகிதத்தில் விழுந்தபின் அதே போர்வை எலெக்ட்ரானை மறிக்கிறது. மை செய்பவரின் முழுத் தொல்லையும் இந்த ஒன்றில் அடங்கிவிடும்: புட்டிக்குள் துகள்கள் சேரக் கூடாது, தளத்தின் மேல் சேர்ந்தே ஆக வேண்டும்.

வழக்கமான தீர்வு சூடாக்குவது. கட்டி வெள்ளி உருக 962 பாகை செல்சியஸ் வேண்டும். நானோதுகள்களின் மேற்பரப்பு அணுக்கள் எளிதில் நகர்வதால், 150 முதல் 200 பாகையிலேயே அடுத்தடுத்த துகள்களுக்கு இடையில் கழுத்துப் போல இணைப்பு வளர்ந்து அவை ஒன்றாகின்றன. இதைத்தான் சின்டரிங் என்கிறோம். இங்கே உருகுதல் நடப்பதில்லை. திட நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. 200 பாகை என்பது கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. ஆனால் குளிர்பானப் புட்டி செய்கிற பெட் பிளாஸ்டிக் அதற்குள் நெளிந்துவிடும். மலிவான பிளாஸ்டிக்கிலும் சாதாரணத் தாளிலும் மின்சுற்று அச்சிட வேண்டுமென்றால் சூடில்லாத வழி வேண்டும்.

இங்கேதான் காபி வளையம் உதவிக்கு வருகிறது. ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் ஷ்லோமோ மக்தாசியும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட முடிவு இது: வெள்ளி நானோதுகள் கலந்த நீர்த்துளியை அறை வெப்பநிலையில் சும்மா காயவிட்டார்கள். விழுந்த வளையம், அடுப்பில் வைக்காமலே, கட்டி வெள்ளியின் கடத்துதிறனில் 15% வரை காட்டியது. வளையம் விழுந்தாலே அச்சு கெட்டுவிட்டது என்று எண்ணியிருந்த துறையில் இது ஒரு திருப்பம். துகள்களை விளிம்புக்குத் தள்ளும் அந்த ஓட்டமே அவற்றை இறுக்கமாக அடுக்கியும் விடுகிறது. சீராகப் பரவிய படலத்தில் விலகிக் கிடக்கும் துகள்கள் வளையத்தில் தோளோடு தோள் நெருங்கிவிடுகின்றன.

அதே ஆய்வகம் 2009-இல் ஒரு படி மேலே போனது. 0.5% வெள்ளி மையைத் துளித் துளியாக அச்சிட்டு, ஒரு வளையம் அடுத்த வளையத்தைத் தொடும்படி ஒரு வலையை அமைத்தார்கள். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஏறக்குறைய 150 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம். வளையத்தின் கரை 10 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அகலம், 300 நானோமீட்டருக்கும் குறைந்த உயரம். உயரத்தைத் துகள் கணக்கில் சொன்னால் பதினைந்து துகள்களுக்குள். கரை மட்டும்தான் உலோகம். நடு திறந்த வெளி. கண்ணால் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் தாள் போலவே இருக்கும். ஒளியில் 95% உள்ளே புகுந்துவிடும். சதுரத் தடை 4 ஓம் அளவே. சதுரத் தடை என்பது ஒரு சதுரப் படலத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு உள்ள மின்தடை. தடிமன் மாறாதவரை சதுரம் சிறியதானாலும் பெரியதானாலும் அந்த எண் மாறாது.

4 ஓம் என்ற எண்ணின் பெருமையை உணர, தொடுதிரைகளில் இன்று பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒளி புகவும் வேண்டும், மின்சாரம் ஓடவும் வேண்டும் என்னும் இரட்டைத் தேவையை நிறைவேற்றும் பொருள் அது. ஆனால் வெற்றிடக் கலனுக்குள் வைத்துப் படிய வைக்க வேண்டும். வளைத்தால் விரிசல் விடும். இண்டியமோ பெரும்பாலும் துத்தநாகச் சுரங்கத் தொழிலின் துணைப்பொருளாகத்தான் கிடைக்கிறது. வழக்கமான அந்த ஆக்சைடுப் படலங்களைவிடக் குறைந்த தடையை, ஒரு துளி காயும்போது தானாக அமையும் வளையங்கள் தந்தன.

துகள்களின் போர்வையைக் கழற்றவும் மக்தாசி குழுவினர் சூட்டைப் பயன்படுத்தவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைச் சிறிது நேரம் காட்டினார்கள். குளோரைடு அயனிகள் வெள்ளியின் மேற்பரப்பில் இருக்கும் பாலிஅக்ரிலிக் அமிலத்தை அப்புறப்படுத்திவிடுகின்றன. போர்வை போனதும் துகள்கள் அறை வெப்பநிலையிலேயே ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. 2011-இல் இதே குழு இன்னும் எளிமையாக, மையிலேயே சிறிதளவு சோடியம் குளோரைடைச் சேர்த்தது. சமையலறை உப்புத்தான். நீர் நிறைய இருக்கும்வரை உப்பின் செறிவு குறைவு. துகள்கள் பிரிந்தே மிதக்கின்றன. துளி காயக் காயச் செறிவு ஏறி, சரியான தருணத்தில் போர்வை கழல்கிறது. கட்டி வெள்ளியின் கடத்துதிறனில் 41% வரை கிடைத்தது. அடுப்பு இல்லை, அமில ஆவி இல்லை. காய்தலே கடிகாரம்போல நேரம் பார்த்து வேலையை முடித்துவைக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இந்த உப்பு வேலைதான்.

நுண்ணோக்கியின் கீழ் இது நடப்பதைப் பார்ப்பது தனி அனுபவம். முதலில் கலங்கிய பழுப்புத் துளி. பிறகு விளிம்பில் ஒரு கரும் கோடு; அது உள்நோக்கித் தடிக்கிறது. நடு தெளிகிறது. கடைசி நீர்ப்படலம் கிழிந்து ஓரத்துக்கு ஓடுகிறது. போர்வை கழன்று துகள்கள் இணையும்போது பழுப்பு மறைந்து உலோகப் பளபளப்பு ஏறுகிறது. நிறம் மாறுகிறது என்றால் தனித்தனித் துகள்கள் ஒரே உலோகமாகின்றன என்று பொருள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அப்போது வைத்திருந்தால், மெகா ஓமில் நின்ற எண் கிடுகிடுவென இறங்குவதைக் காணலாம்.

வளையத்தை வரவேற்பவர்கள் ஒரு சாரார் என்றால், அதை ஒழிக்கப் பாடுபடுபவர்கள்தான் பெரும்பான்மை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு மின்கோட்டை அச்சிடும்போது இரு ஓரமும் மேடாகி நடு பள்ளமானால், அதன்மேல் அடுத்த அடுக்காக இடும் மின்காப்புப் படலத்தை மேடுகள் துளைத்துக்கொண்டு போய்க் குறுக்குச் சுற்று உண்டாக்கும். டிரான்சிஸ்டர் அச்சிடுபவருக்கு வளையம் வேண்டாத விருந்தாளி.

அவர்கள் கையாளும் வழிகளில் முதன்மையானது கரைப்பான் கலவை. நீருடன் எத்திலீன் கிளைக்கால் கலந்தால், ஓரத்தில் நீர் முதலில் ஆவியாகிக் கிளைக்கால் மிஞ்சுகிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், கிளைக்காலுக்கு 48. இழுவிசை குறைந்த ஓரத்திலிருந்து இழுவிசை மிகுந்த நடுப்பகுதிக்கு மேற்பரப்பு வழியாக எதிரோட்டம் கிளம்பி, ஓரத்துக்குப் போன துகள்களைத் திருப்பிக் கொண்டுவருகிறது. ஜேம்ஸ் தாம்சன் 1855-இலும் கார்லோ மாரங்கோனி 1865-இலும் விளக்கிய அதே விளைவுதான். தளத்தின் வெப்பநிலையும் ஒரு கைப்பிடி. 2008-இல் பெர்க்லியில் சோல்ட்மேனும் விவேக் சுப்ரமணியனும் மின்கடத்தும் பாலிமர் மையை வைத்துக் காட்டினார்கள்: தளத்தைச் சற்றுக் குளிரவைத்தால் வளையம் அடங்குகிறது, சூடாக்கினால் மிகுகிறது. சீக்கிரம் காயட்டும் என்று தளத்தைச் சூடாக்குபவர் தானே வளையத்தை வளர்க்கிறார்.

துகளின் வடிவமும் ஒரு வழி. 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் யுங்கர், யோத் முதலியோர் கோளத் துகளை நீட்டி நீள்வட்ட உருவமாக்கினால் வளையம் விழுவதில்லை என்று கண்டார்கள். நீள்துகள்கள் துளியின் மேற்பரப்பில் ஏறி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகராமல் நின்றுவிடுகின்றன. இதைத் தொடர்ந்து நம் சென்னை ஐ.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் துறையில் துக்யாலா, பசவராஜ் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, வடிவம் மட்டும் தீர்மானிப்பதில்லை, துகள்களுக்கும் தளத்துக்கும் இடையே மின்னூட்டத்தால் விளையும் ஈர்ப்பும் விலக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று காட்டியது. சென்னையிலேயே நடக்கும் இந்த வேலை நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காய்தலின் இன்னொரு குறையையும் கருவியாக்கியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஜி. யு. குல்கர்னியின் குழு, கூழ்மப் பூச்சு காயும்போது விழும் வெடிப்புகளை அச்சாக எடுத்துக்கொண்டது. வறண்ட ஏரியின் தரைபோல் வெடித்த பூச்சின்மேல் உலோகத்தைப் படியவைத்து, பிறகு பூச்சைக் கழுவிவிட்டால், வெடிப்பின் தடத்தில் உலோக வலை நிற்கிறது. ஒளியும் புகும், மின்சாரமும் ஓடும்.

வெள்ளி வளையங்களுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஈரக் காற்றில் மின்னழுத்தம் தொடர்ந்து இருந்தால் வெள்ளி அயனியாக நகர்ந்து, அடுத்த கோட்டை நோக்கிக் கிளைகிளையாக வளர்ந்து குறுக்குச் சுற்று உண்டாக்கும். வெள்ளியின் விலை எல்லோரும் அறிந்ததே. ஒரு வளையம் ஓரிடத்தில் அறுந்தால் வலையின் மற்ற வளையங்கள் வழி கொடுக்கும்; ஆனால் அறுபட்டவை கூடிக்கொண்டே போனால் ஒரு வரம்பில் பாதை முழுவதுமாக முறிந்துவிடும். பரப்பு பெரிதாகப் பெரிதாக எல்லாத் துளியும் ஒன்றுபோலக் காய வேண்டும் என்ற நிபந்தனை கடுமையாகிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது அந்தக் கடைசி நிபந்தனைதான். வளையம் விழுவது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. டிசம்பர் மழையில் சென்னையில் ஒரு துளி காய்வதும், மே மாதத்தில் திருச்சியில் அதே துளி காய்வதும் ஒன்றல்ல. ஆனால் ஆய்வேடுகளைப் புரட்டினால் துகளின் அளவு இருக்கும், மின்தடை மூன்று தசம இடம்வரை இருக்கும். துளி காய்ந்த அறையின் நிலை இருக்காது. ‘அறை வெப்பநிலையில் உலர்த்தப்பட்டது’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். பிறகு இன்னொருவர் செய்தால் அதே முடிவு வராது. மையைக் குறை சொல்வார்கள், துகளைக் குறை சொல்வார்கள்.

ஆகவே மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று. நாளைக்கே ஒரு கண்ணாடித் தகட்டில் காபித் துளி ஒன்றை விட்டு, மூடியில் துளை போட்டு, டீகன் செய்த சோதனையை நீங்களே செய்து பாருங்கள். வெள்ளி மையோடு வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தவர்கள், துளியைத் தளத்தில் விடும் ஒவ்வொரு முறையும் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து மின்தடைக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். துறைத் தலைவர்கள் அதை இந்த ஆண்டே ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் வாங்கித் தர வேண்டும்.